பேராயரின் கைக்குத் தேசிக்காய்

என்னுடைய மச்சாள் மெற்றில்டாவைப் பற்றி நல்லதாக நாலு வசனம் எழுதித் தரச் சொன்னால், திருகோணமலைப் பட்டினத்தில் நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். நான் அந்த வரிசையில் இல்லை. ஆனாலும் அவளை எனக்குத் தெரிந்த அளவுக்கு அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. முப்பத்தொரு வருடமாக அவளையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பொறாமைக்காரியின் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

நேரில் கண்டால் "வாங்கோ மச்சாள், இருங்கோ மச்சாள்" தான். என் கணவர் றொபேட்டின் அக்கா, அவரை விட ஏழு வயது மூத்தவள். மரியாதையில் நான் ஒரு குறையும் வைப்பதில்லை. மனதுக்குள் மட்டும் அவள், இவள். இங்கே மனதில் உள்ளபடியே எழுதுகிறேன்.

அவளுடைய கதையை ஊரில் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். தகப்பன் துறைமுகத்தில் கிறேன் ஓட்டியவர். தாய் செத்தபோது மெற்றில்டாவுக்குப் பதினாறு, றொபேட்டுக்கு ஒன்பது. அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போனாள். தம்பியை வளர்த்தாள், படிப்பித்தாள். இருபத்திரண்டு வயதில் ஆஸ்பத்திரியில் சிற்றூழியர் வேலை கிடைத்தது. மட்டக்களப்பில் இருந்து தபாற்கந்தோர்க்காரன் ஒருவன் பெண் கேட்டு வந்தான். தம்பியை விடுதியில் சேர்த்துவிட்டு வரச் சொன்னானாம். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். அதன் பிறகு கல்யாணம் என்ற கதையே இல்லை. இந்த இடம் வந்ததும் கதை சொல்கிறவர்கள் பெருமூச்சு விட்டு என்னைப் பார்ப்பார்கள். நான்தான் அந்தத் தபாற்கந்தோர்க்காரனைத் துரத்திவிட்டதுபோல இருக்கும் அந்தப் பார்வை. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. கப்பல்துறைக் கிராமத்தில் பாவாடை சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.

இதுக்கெல்லாம் நான் பொறாமைப்படவில்லை. தியாகம் செய்கிறவர்கள் செய்யட்டும். என் வயிறு எரிந்ததெல்லாம் ஒரு பேசினுக்கும் ஒரு செம்புக்கும்தான்.

அதை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் அங்கிலிக்கன் கோயிலில் திடப்படுத்தல் ஆராதனைக்குப் பேராயர் வருவார். பிள்ளைகள் வரிசையாக முழங்காலில் நிற்பார்கள். அவர் ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் பரிசுத்த தைலத்தால் சிலுவை அடையாளம் போடுவார். பத்துப் பன்னிரண்டு நெற்றி முடிய அவருடைய பெருவிரல் எண்ணெயில் ஊறிப் போயிருக்கும். அந்த விரலோடு நற்கருணை அப்பத்தைத் தொட முடியாது. அப்போது ஒருவர் தட்டோடு முன்னால் போக வேண்டும். தேசிக்காய்ப் பாதி, காய்ந்த பாண் துண்டு, செம்பில் தண்ணீர், பேசின், துவாய். பேராயர் தேசிக்காய்ப் புளியால் எண்ணெய் போக விரலைத் தேய்த்து, பாணால் ஒற்றி எடுப்பார். பிறகு தண்ணீர் ஊற்றித் துவாயை நீட்ட வேண்டும். தைலம் பட்ட தண்ணீரை வடிகானுக்குள் விடக் கூடாது. வளவில் நிற்கும் நாவல் மரத்தடியில் மண்ணில்தான் ஊற்ற வேண்டும்.

மற்றக் கோயில்களில் இதைப் பீடத்தில் உதவி செய்கிற ஆண்கள் செய்வார்கள். எங்கள் கோயிலில் இருபத்தெட்டு வருடமாக மெற்றில்டா செய்கிறாள். சண்டைக் காலத்தில் எங்கள் பழைய பாதர் குடலிறக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கரண்டும் தண்ணீரும் நின்றிருந்த நேரம், டொக்டர்மாரின் கைக்கு இவள் வாளியில் இருந்து தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தாராம். ஒரு சொட்டும் சிந்தவில்லையாம். அந்த வருடம் பேராயர் வந்தபோது பீடத்துக்கு உதவ ஆள் இல்லை. பாதி ஊர் இடம்பெயர்ந்து போயிருந்தது. பாதர் இவளைக் கூப்பிட்டார். ஒரு முறை செய்தால் தற்செயல், இரண்டு முறை செய்தால் வழக்கம், மூன்றாம் முறை அது உரிமையாகிவிடும்.

நான் யார் என்றும் சொல்ல வேண்டும். பெயர் வயலற். என் தகப்பன் இதே கோயிலுக்குப் பதினேழு வருடம் வோடனாக இருந்து நிர்வாகம் பார்த்தவர். நான் பயிற்றப்பட்ட ஆசிரியை. ஞாயிறு பாடசாலையை முப்பது வருடமாக நடத்துகிறேன். பேராயர் நெற்றியில் சிலுவை போடுகிற அந்தப் பிள்ளைகளுக்கு விசுவாசப் பிரமாணத்தைத் தொண்டை வறளப் பாடமாக்குகிறவள் நான். கடைசியில் பேராயருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுபடுகிறவள் அவள். அவளுடைய வீட்டு முன்னறையில் மூன்று பேராயர்மாரோடு மூன்று படம் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. நடுப் படத்தின் ஓரத்தில் பச்சைச் சட்டை போட்ட ஒரு முழங்கை தெரியும். அது என்னுடைய முழங்கை.

போன வருடம் பழைய பேராயர் இளைப்பாறினார். புதியவர் தெரிவானார். அபிஷேகம் கொழும்பில். எங்களில் போக முடியாதவர்களுக்காகக் கோயில் மண்டபத்தில் திரை கட்டி, நேரலையாகக் காட்டினார்கள். புதிய பேராயர் செங்கோலால் பேராலயக் கதவை மூன்று தரம் தட்டினார். கதவு திறந்தது. மண்டபத்தில் எல்லோரும் எழும்பிக் கை தட்டினோம். எனக்குப் பக்கத்தில் இருந்த மெற்றில்டா மட்டும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"விரல் நல்ல நீட்டு வயலற்," என்றாள். "பழைய துவாய் காணாது. பெரிசாத் தைக்க வேணும்."

அவருக்குச் செங்கோல் கொடுத்து இன்னும் பத்து நிமிடம் ஆகவில்லை. அதற்குள் இவள் அவருடைய கையைத் தன் கணக்கில் சேர்த்துவிட்டாள். எனக்கு உச்சியில் இருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. இந்த முறை அந்தத் தட்டு என் கைக்கு வரவேண்டும் என்று அந்தக் கதிரையில் இருந்தபடியே முடிவு எடுத்தேன். எனக்கும் ஐம்பத்தெட்டு ஆகிறது. புதிய பேராயர் பதினைந்து வருடம் இருப்பார். இவரோடு விட்டால் பிறகு கிடையாது.

இரண்டு மாதத்தில் அறிவித்தல் வந்தது. பேராயரின் முதல் வருகை, ஞாயிற்றுக்கிழமை, பதினொரு பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல். அன்றைக்கே நான் பாதர் மெல்ரோயின் வீட்டுக்குப் போனேன். இளம் பாதர், எங்கள் கோயிலுக்கு வந்து ஒரு வருடம்தான்.

"பாதர், ஒரு சின்ன விசயம்," என்றேன். "மச்சாளுக்கு இப்ப கை நடுங்குது. தானாச் சொல்லமாட்டா. பேராயற்ற உடுப்பில தண்ணி கிண்ணி ஊத்துப்பட்டால் அவவுக்குத்தான் மனவருத்தம்."

"அப்பிடியோ? நான் கவனிக்கேல்லையே."

"உயிர்த்த ஞாயிறு அண்டைக்கு முந்திரிகைரசக் குப்பியைத் தட்டினவவெல்லோ."

தட்டியது உண்மை. பின்னால் வந்த ஒருவர் அவளுடைய முழங்கையில் இடித்துவிட்டார் என்பதும் உண்மை. நான் மூன்றாம் வாங்கில் இருந்து இரண்டையும் பார்த்தேன். பாதரிடம் ஒன்றைத்தான் சொன்னேன்.

அடுத்த கிழமை கமிட்டிக் கூட்டம். பந்தல் போடுகிறதும் குருத்தோலைத் தோரணம் கட்டுகிறதும் றொபேட்டின் பொறுப்பு. அவர் போன வருடம் துறைமுகத்தில் இருந்து இளைப்பாறியதில் இருந்து யாராவது வேலை தரமாட்டார்களா என்று திரிகிறார். வாசலில் இருந்து பேராயர் நடந்து வர நிலபாவாடை விரிப்பது வாலிபர் சங்கம். மதியச் சாப்பாடு மாதர் சங்கம். எல்லாம் பிரித்த பிறகு பாதர் தொண்டையைச் செருமினார்.

"கை கழுவுறதுக்கு இந்த முறை வயலற் ரீச்சரை விடுவம் எண்டு நினைக்கிறன். மெற்றில்டா அன்ரிக்கும் வயசு போகுது, கை நடுங்குது எண்டு ஒருத்தர் கவலைப்பட்டவர். அன்ரி, உங்களுக்குச் சம்மதமோ?"

மெற்றில்டா தன்னுடைய கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஓம் பாதர்," என்றாள். "வயலற் வடிவாச் செய்வா."

அவ்வளவுதான். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு பாதர் கேட்டார், பேராயரின் அலுவலகத்தில் இருந்து ஏதாவது செய்தி வந்ததா என்று. பீட அறைக்குப் பொறுப்பு மெற்றில்டா என்பதால் அப்படியான செய்தி அவளுடைய வாட்சப்புக்குத்தான் வரும். அவள் தொலைபேசியைத் தூரப் பிடித்து ஒவ்வொன்றாக வாசித்தாள். பொன்னாடை, மாலை வேண்டாம். தர விரும்பினால் ஒரு மரக்கன்று தரலாம். வெடி கொளுத்த வேண்டாம். வரவேற்புரை மூன்று, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். தேநீருக்குச் சீனி போடக் கூடாது. இடுப்பில் நாரிப்பிடிப்பு இருப்பதால் மெத்தை வைத்த கதிரை வேண்டாம். செங்கோலைச் சாத்தி வைக்க ஒரு இடம் வேண்டும். நற்கருணை ஜெபத்தைப் பேராயர் தமிழில் வாசிப்பார். சிங்களம் அவருடைய தாய்மொழி, பிழை வந்தால் யாரும் திருத்த வேண்டாம். அந்த இடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"வேறை?" என்றார் பாதர்.

மெற்றில்டா திரையில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள்.

"அவ்வளவுதான்," என்று தொலைபேசியைக் கைப்பைக்குள் வைத்தாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால், ஆளுக்கு ஆள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எவ்வளவு தாழ்மை, எவ்வளவு பெரிய மனம், இருபத்தெட்டு வருடம் செய்த வேலையை ஒரு வார்த்தை பேசாமல் விட்டுக்கொடுத்தாளே என்று. வேலை என் கைக்கு வந்தது. பெயர் மறுபடியும் அவள் வீட்டுக்கே போனது. வென்றும் தோற்றவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரண்டு நாள் கழித்து அவள் ஓட்டோவில் பாலையூற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். செம்பு, பேசின், தட்டு எல்லாம் பளிச்சென்று விளக்கி ஒரு பெட்டியில். புதிய துவாயும் தைத்து, பசை போட்டு அயர்ன் பண்ணி வைத்திருந்தாள்.

"ரெண்டு நாள் காய்ஞ்ச பாண் எடும்," என்றாள். "புதுப் பாண் விரலில ஒட்டும். தேசிக்காய் தோல் மெல்லிசா இருக்க வேணும்."

"சரி மச்சாள்."

"துவாய் மடிப்புக் குலையக் கூடாது."

அவள் கோபமாக ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். பால்தேத்தண்ணீர் குடித்தாள். நான் செய்த பட்டர் கேக் இரண்டு துண்டு சாப்பிட்டாள். றொபேட்டின் சேர்ட்டில் பொத்தான் ஒன்று கழன்று தொங்குவதைப் பார்த்து, ஊசி நூல் வாங்கித் தைத்துக் கொடுத்தாள். நாலு நாளாக அந்தப் பொத்தானைத் தைக்கச் சொல்லி றொபேட் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது றொபேட் அவளை ஓட்டோ வரை கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேரும் கதைத்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேசிக்காய்க்கு ஜெஸீமாவிடம் சொன்னேன். கிண்ணியாக்காரி. என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் படிப்பித்தவள். ஒரு காய் கேட்டேன். முப்பது காயோடு வந்தாள்.

"உங்கட பெரியவருக்கெண்டால் குறைவாத் தர ஏலுமோ," என்றவள், பையை மேசையில் வைத்துவிட்டு, "ஆனா அது மெற்றில்டா அக்கா செய்யிறதெல்லோ?" என்று கேட்டாள்.

கிண்ணியா வரை தெரிந்திருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கத்தில், எங்கள் கோயில் வாசலை மிதிக்காத சனத்துக்கும் அவளைத் தெரியும். இந்த முறை நான்தான் என்றேன். ஜெஸீமா "ஆ, அவவுக்குச் சுகமில்லையோ?" என்று கவலைப்பட்டாள். அந்த முப்பது தேசிக்காயையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது.

ஒரு கிழமை முழுக்கக் குசினியில் நின்று பழகினேன். றொபேட்டைப் பேராயராக நிறுத்தி, பெருவிரலில் நல்லெண்ணெய் பூசி, தேசிக்காய் கொடுத்து, பாண் கொடுத்து, தண்ணீர் ஊற்றினேன். முதல் நாள் அவர் கட்டியிருந்த சாரம் நனைந்தது. மூன்றாம் நாள் நிலம் மட்டும். ஐந்தாம் நாள் ஒரு சொட்டும் சிந்தவில்லை. றொபேட் துவாயில் கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா ஊத்துறது இன்னும் கொஞ்சம் மெதுவா," என்றார். அன்றைக்கு இரவு அவருக்கு வெறும் பாணும் சம்பலும்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. விடியும் முன்னமே பட்டினத்துத் தெருக்களில் திரிகிற மான்கள் வந்து குருத்தோலைத் தோரணத்தில் பாதியைத் தின்றுவிட்டுப் போயிருந்தன. றொபேட் மிச்சத்தை இழுத்துக் கட்டி, இடைவெளிகளில் கடதாசிப் பூ குத்தினார். பேராயர் எட்டு மணிக்கு வந்து இறங்கினார். உயர்ந்த மனிதர், நல்ல சிரிப்பு. நிலபாவாடையில் நடக்கக் கூச்சப்பட்டு ஓரமாக நடந்தார். மாலைக்குப் பதிலாக நெல்லிக்கன்று ஒன்றைக் கொடுத்தோம். என்னுடைய பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். ஆராதனையில் அவர் தமிழை ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி வாசித்தார். ஏழு இடத்தில் பிழை. நான் ஏழு தரம் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

திடப்படுத்தல் தொடங்கியது. நான் பீடத்தின் வலது பக்கத்தில் தட்டோடு நின்றேன். கருநீலச் சேலை, அம்மாவின் முத்துமாலை. பதினொரு நெற்றிகளையும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது பிள்ளையில் என் கை நடுங்கத் தொடங்கியது. செம்பு பேசினில் பட்டுக் கிணுகிணு என்றது. இருபத்தெட்டு வருடமாக நான் காத்திருந்த நிமிடம். இரண்டாம் வாங்கில் இருந்து மெற்றில்டா பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கும்போதே நெஞ்சு நிறைந்தது. பார்க்கட்டும். நான் பார்த்த பார்வையை அவளும் ஒருக்கால் பார்க்கட்டும்.

பதினோராவது பிள்ளை எழும்பியது. நான் மூன்று அடி எடுத்து முன்னால் வைத்தேன்.

பேராயரோடு வந்திருந்த செயலாளர் பாதர், நரைத்த தாடிக்காரர், தன் அங்கிக்குள் இருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். கொரோனாக் காலத்தில் கடை வாசல்களில் எல்லாம் வைத்திருந்தார்களே, அதே கை துடைக்கிற மருந்து. பேராயர் கையை நீட்டினார். செயலாளர் இரண்டு தரம் அமத்தினார். பேராயர் தேய்த்துக்கொண்டார். ஒரு கடதாசி ரிஷூ. அதை மடித்து ஒரு சின்னப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் இல்லை. பிறகுதான் பேராயர் என்னைக் கண்டார். தட்டைப் பார்த்தார். தேசிக்காயைப் பார்த்தார்.

"நன்றி அம்மா," என்றார் மெதுவாக. "தேவையில்லை."

அந்த வசனத்தில் ஒரு பிழையும் இல்லை.

முன்னால் வைத்த மூன்று அடியைப் பின்னால் வைக்க வேண்டும். அந்த மூன்று அடி எனக்குப் புல்மோட்டை வரை நடந்தது போல இருந்தது. அதற்கிடையில் படம் எடுக்கிறவன் பளிச்சென்று அடித்தான். நான் மெற்றில்டாவைப் பார்த்தேன். அவள் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பாட்டுப் புத்தகத்தில் அவளுக்கு மனப்பாடம் இல்லாத பாட்டு ஒன்றும் கிடையாது. அவள் புத்தகம் பிடித்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டேன்.

ஆராதனை முடிந்து பீட அறையில் தட்டை வைக்கப் போனபோது, செயலாளர் பாதர் மனம் நொந்து என்னிடம் வந்தார்.

"மன்னிக்க வேணும் அம்மா. கை துடைக்கிறது நாங்களே கொண்டுவருவம், ஆயத்தம் ஒண்டும் வேண்டாம் எண்டு செய்தியில ஒன்பதாவதா எழுதினனாங்களே. பார்க்கேல்லையோ?"

கூட்டத்தில் மெற்றில்டா வாசித்தவற்றை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பொன்னாடை, மரக்கன்று, வெடி, வரவேற்புரை, தேநீர், கதிரை, செங்கோல், தமிழ். எட்டு. அவள் திரையில் விரலை வைத்துக்கொண்டு இருந்தது நினைவுக்கு வந்தது.

சனம் எல்லாம் மண்டபத்துக்குச் சாப்பிடப் போய்விட்டது. நான் பேசினும் செம்புமாகத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு நாவல் மரத்தடிக்குப் போனேன். தண்ணீர் ஊற்றப் போனேன் என்று சொல்லலாம். முகத்தை மறைக்கப் போனேன் என்பதுதான் சரி. கொஞ்ச நேரத்தில் மெற்றில்டா வந்தாள். அவளாகவே வந்தாள்.

"ஒன்பதாவதை ஏன் வாசிக்கேல்லை?" என்று கேட்டேன். மச்சாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"வாசிச்சிருந்தால் நீர் தட்டோட போய் நிண்டிருக்க மாட்டீர்."

"அப்ப வேணுமெண்டுதான் செய்தனீங்கள்?"

"ஓம்."

சுற்றி வளைத்து ஏதாவது சொல்வாள் என்று நினைத்திருந்தேன். நேராக ஓம் என்றுவிட்டாள். இந்த ஊரே தாழ்மைக்கு உதாரணம் காட்டுகிற மெற்றில்டா, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"பாதரிட்ட ஆர் போய்ச் சொன்னது எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சனீரோ?" என்றாள். "அவர் பேர் சொல்லேல்லை. ஒருத்தர் கவலைப்பட்டவர் எண்டார். எனக்காக இந்த ஊரில கவலைப்படாத ஆள் நீர் ஒராள்தான். அப்பவே விளங்கீட்டுது."

"என்ர பிழைதான்," என்றேன். சொல்லும்போதே எனக்குக் கோபமும் வந்தது. "உங்களுக்கென்ன. மூண்டு பேராயரோட படம் இருக்கு. ஊர் முழுக்க உங்கட பேர். எனக்கு இந்த ஒண்டை விட்டுத் தந்தால் என்ன குறைஞ்சு போயிருக்கும்? முப்பது வருசமா உங்களைப் பாத்து எரிஞ்சுகொண்டு இருக்கிறன் மச்சாள், இண்டைக்குச் சொல்லிப்போட்டன்."

"நீர் எரியிறீரோ," என்றாள் அவள். சிரித்தாள் போலவும் இருந்தது. "பேராயர் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வாறார். மூண்டு நிமிசம் தண்ணி ஊத்துறன். என்ர தம்பி ஒவ்வொரு நாளும் உம்மட வீட்டுக்கு வாறான். ஒன்பது வயசில இருந்து என்ர கையால திண்டவன். கலியாணம் முடிச்ச அண்டையில இருந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், அக்கா பசிக்குது எண்டு வந்து என்ர படியில இருந்ததில்லை. ஆரில ஆர் எரிய வேணும்? கோயில் முடிஞ்சு நீங்கள் ரெண்டு பேரும் ஒரு குடைக்குள்ள போவீங்கள். நான் அந்தப் பேசினைக் கழுவிக்கொண்டு நிண்டு அதைத்தான் பாப்பன். அந்தப் பேசின் ஒண்டுதான் எனக்கு இருந்தது. அதையும் நீர் கேட்டனீர்."

நல்ல மனிசியாக இருந்தால் அந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வந்தது சந்தோசம். மூன்று பேராயரோடு படம் எடுத்தவள், கிண்ணியா வரை பெயர் போனவள், முப்பத்தொரு வருடமாக என்னைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறாள். என்னை. பச்சை முழங்கையை. பேராயர் என் தலையில் கை வைத்திருந்தாலும் எனக்கு அவ்வளவு குளிர்ச்சி வந்திருக்காது.

"வேறை?" என்று கேட்டேன். "வேறை என்னத்துக்கு?"

"என்ன வேறை?"

"வேறை என்னத்துக்கு என்னில எரிச்சல் எண்டு கேக்கிறன்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு, "உம்மட பட்டர் கேக்," என்றாள். "எனக்கு ஒரு நாளும் அப்பிடி வாறேல்லை."

மண்டபத்தில் கோப்பைகள் படும் சத்தமும், யாரோ மூன்று நிமிடத்துக்கு மேலே வரவேற்புரை நடத்தும் சத்தமும் கேட்டன. நான் செம்பைச் சரித்து மரத்தடியில் ஊற்றப் போனேன்.

"அது சும்மா தண்ணி," என்றாள். "தைலம் படேல்லைத்தானே. மரத்துக்குத்தான் ஊத்த வேணும் எண்டில்லை. சாப்பிடப் போகோணும், என்ர கையில ஊத்தும்."

இரண்டு கையையும் பேசினுக்கு மேலே நீட்டினாள். விரல்களை விரித்து, உள்ளங்கை கீழே பார்க்க, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்த கை. நரம்பு புடைத்த, நகம் ஒட்ட வெட்டிய கை. நான் ஊற்றத் தொடங்கவில்லை, அவளும் கையை எடுக்கவில்லை.

"பாரும்," என்றாள். "வடிவாப் பாத்துச் சொல்லும். நடுங்குதோ?"

பார்த்தேன். நாவல் இலை ஒன்று அவளுடைய மணிக்கட்டில் விழுந்து, விழுந்த இடத்திலேயே இருந்தது.

"இல்லை மச்சாள்," என்றேன்.

"சரி. இப்ப ஊத்தும்."

ஊற்றினேன். குசினியில் ஒரு கிழமை பழகிய பழக்கம் ஒன்றும் கைகொடுக்கவில்லை. பாதித் தண்ணீர் அவளுடைய செருப்பில் போனது. அவள் தட்டில் கிடந்த இரண்டு தேசிக்காய்ப் பாதியில் ஒன்றை எடுத்து விரல்களைத் தேய்த்தாள், துவாயில் துடைத்தாள், துவாயை மடிப்புப் பிசகாமல் மடித்தாள். பாவிக்காத மற்றப் பாதியைக் கைலேஞ்சிக்குள் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

"அது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"சாப்பாட்டுக்குப் பொரிச்ச அறக்குளா. தம்பி தேசிக்காய் பிழியாமல் மீன் தின்னமாட்டான்," என்றாள். "உமக்குத் தெரியாதோ?"

முப்பத்தொரு வருடமாக நான் அவருக்குத் தேசிக்காய் இல்லாமல்தான் மீன் பொரித்துக் கொடுக்கிறேன். ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. வீட்டில் ஜெஸீமா தந்த தேசிக்காய் பழகினது போக இருபதுக்கு மேலே கிடக்கிறது. மெற்றில்டா எனக்கு முன்னால் மண்டபத்தைப் பார்த்து நடந்தாள். நான் அவளை முந்துவதற்காகக் கால்களை எட்டி வைத்தேன்.